முதுகை மட்டும் வரைந்திருக்கிறாள்

கேள்வி: நான் தையல் வேலை செய்பவள். இருபத்திரண்டு வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். மகள் நுண்கலைக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த பெரிய ஃபைலில், ஆடையில்லாத ஒரு பெண்மணியின் பென்சில் படங்கள் பதினாறு இருந்தன. அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். என் நாத்தனார் பார்த்துவிட்டு வீட்டை இரண்டாக்கிவிட்டார். மகளோ “உனக்குப் புரியாதும்மா” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. அந்தப் படங்களில் எதைப் பார்க்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. ஒரு படத்தில் முகமே கிடையாது. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் முதுகு மட்டும். தலை பாதியில் நிற்கிறது. கால் பக்கம் ஒரே கோட்டை நாலைந்து தடவை போட்டிருக்கிறாள், அழிக்கக்கூட இல்லை. ஆனால் இடுப்பைச் சுற்றிப் பாவாடை நாடா பதிந்த தடத்தை விடாமல் வரைந்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தை ஃபோனில் எடுத்து உங்களுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அந்த அம்மாவைக் கேட்காமல் அனுப்புவது சரியில்லை என்று பட்டது. எனக்குப் புரிகிற மாதிரி சொல்வீர்களா?
(பெயர் வேண்டாம், தாராபுரம்)

அன்புள்ள சகோதரி,

படத்தை அனுப்பாமல் விட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. அந்த அம்மா உங்கள் மகளின் வகுப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்தார், என் மேசைக்கு வர அவர் சம்மதிக்கவில்லை. ஓவியம் படித்த பலருக்கே தோன்றாத விஷயம் இது. நீங்கள் எழுத்தில் சொன்னதை வைத்தே அந்தப் படம் எனக்கு ஓரளவு தெரிகிறது.

“உனக்குப் புரியாது” என்பது மூன்றாம் வருட மாணவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம். நானும் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் கேட்டிருந்தால் அவளுக்கும் விளக்கத் தெரிந்திருக்காது என்பதுதான் உண்மை. அந்த வயதில் கை முந்திக்கொள்ளும், வாய் பின்னால் வரும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓவியக் கல்லூரிகளில் யாரும் “நிர்வாண ஓவியம்” என்று சொல்வதில்லை. “லைஃப் ஸ்டடி”, “லைஃப் டிராயிங்” என்பார்கள். உயிருள்ள ஆளை எதிரில் வைத்து வரைவது, அவ்வளவுதான். மாடலாக வருபவர் சில இடங்களில் முழு ஆடையோடு உட்காருவார், சில இடங்களில் பாதி, சில இடங்களில் ஆடையில்லாமல். நம்முடைய வழக்கில் நிர்வாணம், அம்மணம் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. “அம்மணம்” என்பதைச் சமணத் துறவியரைக் குறித்த “அமணம்” என்ற சொல்லோடு அகராதிக்காரர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆடை துறந்த முனிவர்களைக் குறித்த சொல் எப்படியோ நம் வாயில் திட்டாகத் தேய்ந்துபோயிற்று. நாத்தனார் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்று ஊகிக்க முடிகிறது. சரி, அவரிடம் பிறகு வருவோம்.

என் முதல் லைஃப் ஸ்டடி வகுப்பைச் சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. வகுப்பில் மூன்றே பெண்கள். மேடையில் வந்து நின்றவர் காலையில் கீரை விற்றுவிட்டு, பத்து மணிக்கு எங்களுக்கு மாடலாக வருகிற ஓர் அம்மா. நான் நாற்பது நிமிடமும் அவர் முகத்தையே வரைந்தேன். கழுத்துக்குக் கீழே கண்ணைக் கொண்டுபோகவே தைரியம் வரவில்லை. ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். “இவங்க முகத்தாலயா நின்னுக்கிட்டிருக்காங்க? காலைப் பாரும்மா, வலிக்குது அவங்களுக்கு” என்றார். இடைவேளையில் அந்த அம்மா புடவையைச் சுற்றிக்கொண்டு எல்லோருடைய போர்டையும் ஒரு சுற்று பார்த்துக்கொண்டு வந்தார். என் அருகில் வந்து, “என் வலது முட்டி வீங்கிக் கிடக்கு, அதைக் காணோமே?” என்று கேட்டார். நாற்பது வருடமாக ஓவியங்களைப் பார்க்கிறேன். லைஃப் டிராயிங் பற்றி அதைவிடச் சரியான விமரிசனத்தை நான் கேட்டதில்லை.

அதனால் உங்கள் மகளின் படங்களையும் அங்கிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். பதினாறையும் தரையில் பரப்பிவிட்டு ஆறடி தள்ளி நில்லுங்கள். ஒவ்வொன்றிலும் எடை எங்கே இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். நிற்கிற உருவம் என்றால் எந்தக் கால் தாங்குகிறது? தாங்குகிற பக்கத்து இடுப்பு மேலே ஏறியிருக்கும், அதே பக்கத்துத் தோள் இறங்கியிருக்கும். சிவகாமி அம்மன் செப்புத் திருமேனியில் இடை ஒசிந்து நிற்பதற்கும் இதே கணக்குத்தான். அளவெடுக்கும்போது வாடிக்கையாளர் ஒரு காலில் சாய்ந்து நின்றால் “நேரா நில்லுங்க” என்று சொல்வீர்கள் அல்லவா? ஓவியருக்கு அந்தச் சாய்வுதான் வேண்டும். உட்கார்ந்த உருவத்தில் ஸ்டூலின் விளிம்பு தொடையை அழுத்துகிற இடத்தைப் பாருங்கள். அங்கே கோடு கறுத்துத் தடித்திருந்தால் உங்கள் மகள் எடையைப் பார்த்திருக்கிறாள். எங்கும் ஒரே கனத்தில் கம்பி மாதிரி கோடு ஓடினால், அந்த நாளில் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கிறது.

இந்தக் கனமும் மெலிவும்தான் பென்சிலின் மொழி. எண்ணெய் வண்ணத்தில் தோலின் பளபளப்பைக் காட்டி மயக்கலாம். பென்சிலிடம் இருப்பது சாம்பல் நிறம் ஒன்றுதான். காரீயக் குச்சி என்று பேச்சில் சொன்னாலும் அதில் ஈயம் கிடையாது, கிராஃபைட்டும் களிமண்ணும்தான். இங்கிலாந்தோடு நடந்த போரால் நல்ல கிராஃபைட் வராமல்போன பிரான்சில், நிக்கோலா ஜாக் கோன்ட்டே என்பவர் 1795-இல் கிராஃபைட் பொடியோடு களிமண் சேர்த்துச் சுடுகிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் கடினம், அது எச் வரிசை. குறைந்தால் மென்மை, கருமை, அது பி வரிசை. உங்கள் மகளின் பெட்டியில் 2பி, 4பி, 6பி இருக்கும். வெளிச்சம் விழுகிற பக்கத்தில் பென்சிலை லேசாக்கி, சில இடங்களில் தாளிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அங்கே கோடு இருக்காது, ஆனால் உங்கள் கண் தோளை முடித்துவைத்துவிடும். அந்த விட்டுப்போன இடங்களைத் தேடிப் பாருங்கள். கோடு போட எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். எங்கே போடாமல் விடுவது என்பதில்தான் ஆள் தெரிவார்.

கால் பக்கம் நாலைந்து கோடுகள் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். தேடியிருக்கிறாள். முதல் கோடு தவறு என்று தெரிந்ததும் ரப்பரை எடுக்காமல் அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடச் சொல்லித்தான் நாங்கள் கற்றுக்கொடுப்போம். தவறு கண்ணெதிரே இருந்தால்தான் திருத்தம் எவ்வளவு என்று தெரியும். துணியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, யோசித்து, அரை இஞ்ச் தள்ளி இன்னொன்று போடுகிறீர்களே, அதேதான். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மைக்கேலாஞ்சலோவின் ஒரு தாள் இருக்கிறது. சிஸ்டைன் தேவாலயக் கூரையில் லிபிய சிபில் என்கிற பெண்ணைத் தீட்டுவதற்கு முன் 1510, 1511 வாக்கில் சிவப்புச் சாக்கில் வரைந்த ஒத்திகை. கூரையில் பெண், தாளில் இருப்பதோ ஓர் ஆணின் முதுகு. மாடலாக ஓர் ஆளை நிறுத்தி வைத்துத்தான் வரைந்திருக்கிறார். அந்தத் தாளின் ஓரத்தில் கால் விரல்களைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய உடம்பின் எடை கடைசியில் அந்த விரல்களில்தான் ஊன்றுகிறது. அங்கே பிசகினால் மேலே உள்ளதெல்லாம் மிதக்கும். அவரும் அழிக்கவில்லை.

இப்போது முகமில்லாத அந்த முதுகு.

தலை பாதியில் நிற்பதற்குச் சாதாரணக் காரணமே இருக்கலாம், நேரம் முடிந்திருக்கும். வகுப்பில் ஒரு போஸ் ஒரு நிமிடமும் இருக்கும், இருபது நிமிடமும் இருக்கும். நீண்ட போஸ் என்றால் மாடல் எழுந்துபோய்த் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார, கால் வைத்த இடத்தையும் ஸ்டூலின் காலையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் குறித்து வைப்போம். அல்லது முகம் வேண்டாம் என்று அந்த அம்மாவே கேட்டிருக்கலாம். இந்த வேலைக்குப் போவது வீட்டில் தெரியாமலேயே வருடக்கணக்காக வருகிறவர்கள் உண்டு. அப்படியென்றால் முகத்தை விட்டது உங்கள் மகளின் மரியாதை.

மூன்றாவதாக ஒன்று தோன்றுகிறது. இந்தப் படத்தில் முதுகே முகமாக இருக்கட்டும் என்று அவள் நினைத்திருக்கலாம். முதுகை வரைவது ஓவியர்களுக்குப் பழைய பித்து. பிரான்சின் ஆங்கர் 1808-இல் குளிக்கும் பெண் ஒருத்தியை முதுகுப் பக்கமாகத் தீட்டினார். படம் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகம் ஏறக்குறைய தெரியாது. அந்த முதுகில் எலும்பே இல்லாத மாதிரி, மெழுகு மாதிரி வழவழப்பு. ஆறு வருடம் கழித்து அவர் தீட்டிய படுத்திருக்கும் பெண்ணின் முதுகு இன்னும் நீளம். “தண்டுவடத்தில் மூன்று எலும்பு கூடுதல்” என்று அந்தக் காலத்து விமரிசகர்களே கிண்டல் செய்தார்கள். ஆங்கரின் பென்சிலுக்கு முன் நான் கைகட்டித்தான் நிற்பேன், அப்படியொரு கூர்மை. ஆனால் அந்த முதுகுகள் அவர் விரும்பிய முதுகுகள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலித்த யாருடைய முதுகும் அப்படி இருக்காது.

அதற்கு எதிர்ப்பக்கம் சூசான் வலதோன். 1865-இல் பிறந்தவர். வெளுக்கும் வேலை செய்த ஏழைத் தாயின் மகள். சர்க்கஸில் கொஞ்ச நாள் வித்தை காட்டி, விழுந்து அடிபட்டு, அப்புறம் பாரிஸ் ஓவியர்களுக்கு மாடலாக நின்றார். ரெனுவார், துலூஸ் லோத்ரெக் எல்லோரும் அவரை வைத்து வரைந்திருக்கிறார்கள். நின்றபடியே அவர்கள் வரைவதைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது. அவர் வரைந்ததைப் பார்த்து டெகா என்ற பெரிய ஓவியர் வியந்து, வாங்கிக்கொண்டார். 1894-இல் தேசிய நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் வலதோனின் கோட்டோவியங்கள் இடம்பெற்றன. அவருடைய பெண்கள் தொட்டியருகே குனிவார்கள், காலைத் துடைப்பார்கள், களைத்து உட்காருவார்கள். யாருக்காகவும் போஸ் கொடுக்கிற மாதிரி இருக்காது. கோடு தடிமனாக, முரடாக, எங்கும் நிற்காமல் உடம்பைச் சுற்றிக்கொண்டு போகும். மேடையில் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் எந்த இடுப்பு மரத்துப்போகும் என்று உடம்பால் தெரிந்தவரின் கோடு அது. ஆங்கரின் முதுகையும் வலதோனின் முதுகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்த்தால், ஆடையில்லாத உடம்பை எதற்காகப் பார்ப்பது என்பதற்கு இரண்டு வெவ்வேறு பதில்கள் கிடைக்கும்.

உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று அந்த நாடாத் தடம் சொல்லிவிடுகிறது.

முப்பது நாற்பது வருடம் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிய இடுப்பில் ஒரு கறுத்த வளையம் விழும். புடவை கட்டும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் எந்தச் சிலையிலும் அது இருக்காது, எந்த விளம்பரத்திலும் இருக்காது. பாரிஸ் மாடலுக்கும் இருக்காது. ஆடையைக் கழற்றிவைத்த பிறகும் ஆடை அந்த உடம்பில் இருக்கிறது. அந்த அம்மா தினமும் காலையில் எழுந்து கொசுவம் செருகி வேலைக்குக் கிளம்பியதெல்லாம் அந்த ஒரு வளையத்தில் இருக்கிறது. இரண்டு சுற்று 4பி பென்சிலால் உங்கள் மகள் அதைப் போட்டிருப்பாள். நீங்கள் தினமும் எத்தனை இடுப்புகளைச் சுற்றி இஞ்ச் டேப்பை ஓட்டுகிறீர்கள்! உங்கள் கண் ஏன் கலங்கியது என்று என்னைக் கேட்கிறீர்கள், எனக்கென்னவோ அது உங்களுக்கே தெரியும் என்றுதான் படுகிறது.

ஓவியத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் வழக்கமாக “நம் கோயில் சிற்பங்களில் இல்லாததா?” என்று ஒரு போடு போடுவார்கள். நாத்தனாரின் வாயை அடைக்க அது உதவலாம், படத்தைப் புரிந்துகொள்ள உதவாது. சிற்பி தாளக் கணக்கில் வேலை செய்தவர். முக நீளத்தை ஓர் அலகாக வைத்து, நவதாளம் என்றால் ஒன்பது, தசதாளம் என்றால் பத்து என்று உருவம் எழும். அது தெய்வத்துக்கு, அரசனுக்கு, அப்சரசுக்கு வகுத்த உடம்பு, முட்டி வீங்காத உடம்பு. உங்கள் பாஷையில் சொன்னால், சிற்பம் என்பது அளவு ஜாக்கெட்டை வைத்துத் தைப்பது. லைஃப் டிராயிங் என்பது ஆளை நிறுத்தி அளவெடுப்பது. இடது தோள் அரை இஞ்ச் இறக்கம் என்று அப்போதுதான் தெரியவரும். இரண்டும் பெரிய வித்தைகள்தான், ஆனால் வேறு வேறு வித்தைகள். ஒரு வேடிக்கை, இரண்டுக்கும் நடுவே போய்வந்த ஒருவர் உண்டு. பிரெஞ்சுச் சிற்பி ரொதான் மாடல்களை அறைக்குள் இஷ்டப்படி நடமாடவிட்டு, தாளைப் பார்க்காமல் அவர்களையே பார்த்தபடி பென்சிலை ஓடவிடுவார். அதே ஆள் சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படத்தில் பார்த்து மயங்கி எழுதிய குறிப்பு, அவர் இறந்து நான்கு வருடம் கழித்து 1921-இல் அச்சானது.

ஆடையில்லாமல் வரைந்துவிட்டாலே அது கலை ஆகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மோசமானவை நிறைய உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன்: கையையும் பாதத்தையும் பாருங்கள். உடம்பின் சில பகுதிகளில் மட்டும் பென்சில் ஆசையாகச் சுற்றிச் சுற்றி நிழல் போட்டிருக்கும், கை விரல்கள் வாழைப்பழச் சீப்பு மாதிரி இருக்கும், பாதம் தாளுக்கு வெளியே போயிருக்கும், முகம் யாருடையதும் ஆகாத பொம்மை முகமாக இருக்கும். வரைந்தவர் எதிரில் ஓர் ஆளைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இணையத்துப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததிலும் இது அடிக்கடி நடக்கும். உங்கள் மகள் கால் பக்கம் நாலைந்து கோடு போட்டுத் தடுமாறியிருக்கிறாள் என்று படித்ததுமே எனக்கு நிம்மதியாகிவிட்டது.

நாத்தனார் விஷயம். அவரைத் திருத்தப் போகாதீர்கள். அவர் அதிர்ந்தது உலகத்தில் இல்லாத அதிசயமும் இல்லை. லண்டனின் ராயல் அகாதெமி பெண் மாணவிகளை ஆண் மாடல் வகுப்புக்குள் விட்டதே 1893-இல்தான், அதுவும் மாடல் துணி சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அமெரிக்காவில் தாமஸ் ஈகின்ஸ் என்ற ஓவியர், மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை எடுத்ததற்காக, 1886-இல் பென்சில்வேனியா அகாதெமியின் வேலையை விட வேண்டிவந்தது. அவர்கள் சண்டை போட்டு முடித்ததை நாம் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறோம். நாத்தனார் ஃபோனில் படம் ஏதும் எடுத்திருந்தால் மட்டும், அன்பாகவோ கறாராகவோ, அதை அழிக்கச் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் போய் விழுந்தால் அவமானப்படப்போவது உங்கள் மகள் அல்ல, எங்கோ ஒரு வீட்டில் இதைச் சொல்லாமல் வேலைக்குப் போய் வருகிற அந்த அம்மா. மகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள். இந்தப் பிள்ளைகள் எதையும் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவார்கள்.

ஃபைலை அவளிடம் திருப்பிக் கொடுக்கும்போது படங்களுக்கு நடுவே ஒவ்வொரு பட்டர் பேப்பர் வைத்துக் கொடுங்கள். பென்சில் உரசினால் கலங்கிவிடும். தையலுக்கு வைத்திருக்கும் டிரேசிங் தாளே போதும். அப்புறம், கதவு திறந்திருக்கிற ஒரு நேரமாகப் பார்த்து, படம் எனக்குப் புரிந்தது, புரியவில்லை என்றெல்லாம் ஆரம்பிக்காமல், “அந்த அம்மாவை எவ்வளவு நேரம் அந்த ஸ்டூலில் உட்கார வைத்திருந்தீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள்.